பதினேழாம் டேப்பின் பூட்டு

கோப்பு 1
நாள் 518

இதனால் பூமி, நிலவு மற்றும் இடைப்பட்ட வெற்றிடத்தில் வசிக்கும் சகலருக்கும் ஆழ்ந்த துயரத்துடன் அறிவிப்பது யாதெனில்: நண்டு நிலையத்தின் இயந்திர அறைத் தலைவி தபீத்தா அவர்களின் வலது காதுக்கு மேலே இன்று காலை 06:10 மணிக்கு ஒரு நரைமுடி அகால ஜனனம் எய்தியது. தலைவிக்கு வயது முப்பத்தொன்று. முடிக்கு வயது அரை நாள். கொடி அரைக்கம்பத்தில் பறக்கும். கொடி இல்லாததால் பொன்சிங்கின் துண்டு பறக்கும். இரங்கல் கூட்டம் உணவு அறையில், கேக்குடன். மலர்வளையம் வேண்டாம், சீப்பு போதும்.

இங்ஙனம்,
டேப் துறை அமைச்சர்

கோப்பு 2

நாள் 611, 07:45

வழக்கமான பதிவு. எழுதுவது சகாய அஜின், வயது பதினேழு, டேப் அப்ரண்டிஸ். அப்ரண்டிஸ் என்ற சொல் கம்பெனியின் பொறாமையால் ஒட்டப்பட்டது, கண்டுகொள்ள வேண்டாம். இந்த நிலையத்தில் டேப் வேலை என்னைவிடத் தெரிந்தவர் யாரும் இல்லை. ஐந்து மாதமாக என் டேப் ஒன்றுகூட ‘நலம்’ முத்திரை வாங்காமல் அலமாரிக்குப் போனதில்லை.

இதைக் கண்டெடுக்கப்போகும் எதிர்கால அறிஞருக்குச் சிறு அறிமுகம். இடம்: ஒரு குறுங்கோளின் முதுகு. அதில் குந்தியிருக்கும் இந்தச் சுரங்க நிலையத்தின் காகிதப் பெயர் நீளம், நாங்கள் நண்டு என்போம். ஆட்கள் ஒன்பது, அத்தனை பேரும் தூத்துக்குடிப் பக்கம். மாதக்கணக்கில் வீட்டைப் பார்க்காமல் கடலில் கிடந்த சனத்துக்கு வெற்றிடமும் பழகிவிடும் என்று கம்பெனி நினைத்தது. கேப்டன் மரியசெல்வத்தைத் தோணிக்கார வழக்கப்படி தண்டல் என்றுதான் கூப்பிடுகிறோம். கல்லை உடைத்து, கூடையில் அள்ளி, அரவைக்குக் கொண்டுபோய்க் கொட்டுவது ஐந்து இயந்திரங்கள். பெயர் தூக்கி. ஆறு கால், ஒரு கொத்துக் கை, ஒரு வாரிக் கை. மூளை மட்டும் கிடையாது. அவற்றுக்கு மூளை, இந்த அறையில் உள்ள யூனிக்ஸ் கணினி. யூனிக்ஸுக்கு மூளை, அடியேன்.

காலை வேலை: நேற்றைய டேப், அதாவது யூனிக்ஸின் ஞாபகத்தை நகலெடுத்த நாடா, எண் 38, டிரைவில் ஏற்றப்பட்டது. இங்கே நடைமுறை என்னவென்றால், ஷிப்ட் பொறுப்பாளர் வியாகுலம் அண்ணன் டேப்பின் முதல் கோப்பை மட்டும் வாசித்துப் பார்ப்பார். திரையில் எழுத்து வந்தால் டேப் நலம், முத்திரை விழும். முழு டேப்பையும் வாசிக்க நான்கு மணி நேரம் ஆகும்; அவ்வளவு பொறுமை இந்தக் குறுங்கோளிலேயே கிடையாது. தினமும் எண்களைப் பார்த்து அண்ணன் கண் பூத்துப்போகக் கூடாதென்று ஒவ்வொரு டேப்பின் தலையிலும் ஓர் அறிவிப்பு வைப்பது என் கலைச்சேவை. இன்று அவர் வாசித்தது: கடைசிப் பொட்டலம் நெத்திலிக் கருவாடு, சமையற்காரர் பொன்சிங் கையால் வீரமரணம், உடல் மதியம் 12:30க்கு சோற்றின் மேல் பொதுமக்கள் பார்வைக்கு வைக்கப்படும். அண்ணனுக்கு மூக்கில் டீ ஏறியது. முத்திரை: நலம்.

நாள் 611, 08:52

சூரியன் தும்மியது.

எச்சரிக்கை மணி அடிப்பதற்கு முன்பே சூரியப் புயலின் துகள்கள் வந்துவிட்டன. விளக்குகள் ஒருமுறை செத்துப் பிழைத்தன. வெளி ஆன்டெனா போய்விட்டது, பூமியோடு பேச்சு இல்லை. யூனிக்ஸ் தானாக எழுந்து உட்கார்ந்தது. ஆனால் கோப்புகள் இருக்கும் வட்டும் அதன் இரட்டை வட்டும் ஒரே இடத்தில் வெந்திருக்கின்றன. ஆள் எழுந்துவிட்டார், ஞாபகம்தான் இல்லை. காணாமல் போன கோப்புகள் 212.

பயம் வேண்டாம். இதற்காகத்தான் டேப். எண் 1 முதல் 38 வரை, 17 நீங்கலாக, முப்பத்தேழு டேப் ஈய அலமாரிக்குள் சுகமாக இருக்கின்றன. சூரியன் தும்மினால் டேப்புக்குச் சளி பிடிக்காது. நாற்பது நிமிட வேலை. டீ ஆறுவதற்குள் முடித்துவிடுவேன்.

நாள் 611, 09:06

திருத்தம். டீயை விடுங்கள்.

போன 212ல் ஒன்று ‘ஆள்’ கோப்பு. எங்கள் ஒன்பது பேரின் உருவம், நடை, உடம்புச் சூடு எல்லாம் அதில்தான் இருக்கின்றன. ஒவ்வொருவரையும் வாரக்கணக்கில் நடக்கவிட்டு அளந்தது. எதிரே வருவது ஆளா கல்லா என்று தூக்கிகள் அதைப் பார்த்துத்தான் முடிவு செய்யும். அந்தக் கோப்பு இப்போது பூஜ்யம் பைட். ஆகவே சுவர் அல்லாத எல்லாம் கல்.

இரண்டாம் தூக்கி உணவு அறைக்குள் போயிருக்கிறது. பொன்சிங் கம்பியில், அதாவது காதில் மாட்டும் பேச்சுக் கருவியில், கூப்பிட்டார்.

“ஏல, யாருல இத உள்ள விட்டது? வழிய மறிச்சிட்டு நிக்குது. போக மாட்டேங்குது.”

கேமராவில் பார்த்தேன். கொத்துக் கை தோளில் இறங்கியது. பெரிய பாறையைக் கூடைக்கு அடங்கும்படி எப்படி மூன்றாகப் பிளக்குமோ அப்படித்தான் பிளந்தது. அவசரம் இல்லை, கோபமும் இல்லை. இரண்டாவது கொத்து வரைக்கும் அவருக்கு உயிர் இருந்தது. வாரிக் கை மிச்சம் மீதி வைக்காமல் தரையைச் சுரண்டி அள்ளியது. அடுப்பில் குக்கர் விசில் அடித்துக்கொண்டே இருந்தது.

அரவையின் எடைத் திரையில் 71 கிலோ ஏறியது. கனிம வகை: ஈரக்களிமண்.

நாள் 611, 09:20

தபீத்தா அக்கா உயிரோடு இருக்கிறார். காலையிலேயே விண்ணுடை போட்டுக்கொண்டு கல் கிடங்கைச் சோதிக்கப் போனவர், உள்ளேயிருந்து இரும்புக் கதவைப் பூட்டிக்கொண்டுவிட்டார். கிடங்கில் காற்று கிடையாது. உடையில் உள்ள காற்று 14:40 வரை வரும். கதவுக்கு வெளியே மூன்றாம் தூக்கி நின்று கொத்திக்கொண்டிருக்கிறது. கதவு தாங்கும், கொஞ்ச நேரம்.

“அஜினு, நான் சொல்லுதத மட்டும் கேளு. ஆள் கோப்ப டேப்புல இருந்து ஏத்து. வேற எதையும் தொடாத. அது ஏறுன மறுநொடி எல்லாம் நின்னுரும். வெளங்குதா?”

விளங்கிற்று. என்னோடு இந்த அறையில் வியாகுலம் அண்ணன். தண்டல் சுக்கான் அறையில். இரவு ஷிப்ட் முடித்த நான்கு சுரங்கக்காரர்கள் படுக்கை அறையில் தூங்குகிறார்கள். தண்டல் அவர்களைக் கம்பியில் எழுப்பிக்கொண்டிருக்கிறார். எனக்கு மூன்று நிமிடம் போதும் என்று அக்காவிடம் சொன்னேன்.

நாள் 611, 09:31

டேப் 38 ஏற்றினேன். முதல் கோப்பு வாசிக்கிறது. இரண்டாவது கோப்புக்குத் தாவினேன், ஆள் கோப்பு அதில்தான் இருக்க வேண்டும். திரை சொன்னது: தரவு முடிந்தது.

டேப் 37. அதே. டேப் 36. அதே.

டிரைவின் தலையில் அழுக்கு. புயலோடு வந்த மின்தூசியாக இருக்கும். கிளீனிங் டேப் போட்டு மூன்று முறை ஓட்டினேன். டேப் 35. தரவு முடிந்தது. கேபிளைப் பிடுங்கிச் செருகினேன். டேப் 34. தரவு முடிந்தது.

நாள் 611, 09:50

வெற்றி என்று எழுதி, அடித்துவிட்டேன்.

டிரைவைச் சோதிக்க ஒரு கோப்பை எழுதிப் பார்த்தேன். கண்ணிமைக்கும் நேரத்தில் எழுதிவிட்டது. இவ்வளவு வேகமா என்று பூரித்துத் திரும்பினால் டிரைவின் விளக்கே எரியவில்லை. அவசரத்தில் டிரைவின் பெயரில் ஓர் எழுத்தை மாற்றி அடித்திருக்கிறேன். நான் ரூட், அதாவது இந்த இயந்திரத்துக்கு ராசா. அப்படியொரு டிரைவ் இல்லை ராசாவே என்று யூனிக்ஸ் மறுத்துப் பேசாது. அந்தப் பெயரில் வட்டிலேயே ஒரு சாதாரணக் கோப்பைத் திறந்து அதில் எழுதிவைத்துவிட்டது. உலகத்திலேயே கீழ்ப்படிதல் உள்ள முட்டாள்.

அழித்துவிட்டேன். ஏழு நிமிடம் போயிற்று.

நாள் 611, 10:10

நான்கு பேரும் போய்விட்டார்கள்.

தண்டல் எழுப்பியதில் இருவர் எழுந்து கதவுக்கு வந்திருக்கிறார்கள். கதவைத் திறந்ததுதான் பிழை. ஒன்றாம் தூக்கியும் ஐந்தாம் தூக்கியும் சேர்ந்து உள்ளே போயின. முதல் ஆளின் தலை சுவரோடு வைத்து நசுக்கப்பட்டது. இரண்டாமவர் நெருப்பணைக்கும் உருளையை எடுத்து ஐந்தாம் தூக்கியின் கண்ணாடிக் கண் ஒன்றை உடைத்தார். அது மற்றக் கண்ணால் பார்த்து அவர் இடுப்பில் கொத்தியது. மேல்தட்டுக் கட்டிலில் இருந்த இருவரையும் கட்டிலோடு சேர்த்துத் தகர்த்தன. கம்பி திறந்தே கிடந்தது. கடைசியில் கேட்டது அலறல் அல்ல, கரண்டியால் பாத்திரம் சுரண்டுவது போல ஒரு சத்தம்.

யூனிக்ஸில் ‘கில்’ என்றொரு கட்டளை உண்டு, ஓடுகிற நிரலைக் கொல்ல. ரூட் அனுமதி இல்லாமல் இன்னொருவர் நிரலைக் கொல்ல முடியாது. தூக்கிகளை ஆட்டுவிக்கும் நிரலை ரூட்டாக நின்று கொன்றேன். செத்தது. தூக்கிகள் சாகவில்லை. கடைசியாகக் கேட்ட உத்தரவை வைத்துக்கொண்டு தாமாக நடக்கின்றன. அனுமதி வாங்கிக் கொல்ல வேண்டும் என்ற விதி அவற்றுக்கு இல்லை போலிருக்கிறது. நிரலை மறுபடி ஓடவிட்டேன். ஆள் கோப்பு கிடைத்தால் அதைக் கொண்டுபோய்ச் சேர்க்க வேண்டுமே.

மிச்சம் நான்கு பேர்.

நாள் 611, 10:48

ஒருவேளை பிளாக் அளவாக இருக்கலாம். டேப்பில் எழுதும்போது ஒரு பிடி எவ்வளவு பெரிதோ வாசிக்கும்போதும் அதே பிடி வேண்டும், இல்லாவிட்டால் டிரைவ் குழம்பும். எல்லா அளவுகளிலும் முயன்றேன். டேப் 33, 32, 31, 30. முதல் கோப்பு ஒவ்வொன்றிலும் கணீரென்று வாசிக்கிறது. அடுத்த அடி எடுத்தால் தரவு முடிந்தது.

வியாகுலம் அண்ணன் கதவுக்குக் குறுக்கே கடப்பாரையைச் செருகி, முதுகைக் கொடுத்து உட்கார்ந்திருக்கிறார். நான்காம் தூக்கி வெளியே வந்துவிட்டது. கதவில் ஒவ்வொரு கொத்து விழும்போதும் அவர் உடம்பு ஓர் அங்குலம் முன்னால் வந்து பின்னால் போகிறது. நடுவில் ஒருமுறை என்னைப் பார்த்துச் சிரித்தார். முப்பதாம் டேப்பின் அறிவிப்பு திரையில் தெரிந்தது. தண்டலின் குறட்டைக்குத் தேசிய கீத அந்தஸ்து வழங்கப்பட்ட செய்தி அது.

நாள் 611, 11:25

கதவைத் துளைத்துக்கொண்டு கொத்துக் கை வந்தது. அண்ணனின் முதுகில் நுழைந்து மார்பில் வெளியே வந்தது. நுனியில் சட்டைப் பொத்தான் மாட்டியிருந்தது. நான் எழுந்து ஓடினேன். அவர் காதில் மாட்டியிருந்த கம்பி இன்னும் வேலை செய்துகொண்டிருந்தது. நான்கு எட்டில் இருந்தவரின் குரல் என் காதுக்குள் கேட்டது.

“அஜினு, நீ டேப்ப பாரு. இங்க பாக்காத.”

நான் பார்த்தேன். கை பின்னால் போனது, அவரையும் இழுத்தது, ஓட்டை சிறியது. அது ஓட்டையைப் பெரிதாக்கவில்லை. அவரைச் சிறிதாக்கிக்கொண்டது.

நான்காம் தூக்கி கூடை நிரம்பி அரவைக்குப் போயிருக்கிறது. போய்வர அதற்குப் பதினொரு நிமிடம் ஆகும். பேட்டரி அலமாரியைத் தள்ளிக் கதவை அடைத்தேன். தரையில் வழுக்கி இரண்டு முறை விழுந்தேன். எதில் வழுக்கினேன் என்று எழுதவில்லை.

68 கிலோ. ஈரக்களிமண்.

நாள் 611, 11:50

புது டேப் ஒன்றைப் பிரித்து ஒழுங்காகச் சோதித்தேன். இம்முறை பெயரைச் சரியாக அடித்தேன், விளக்கும் எரிந்தது. மூன்று கோப்புகள் வரிசையாக எழுதினேன். மூன்றையும் திரும்ப வாசித்தேன். மூன்றும் பிழையின்றி வந்தன.

டிரைவில் கோளாறு இல்லை.

இது நல்ல செய்தி அல்ல.

நாள் 611, 12:05

அக்காவிடம் சோதனை முடிவைச் சொன்னேன். அவர் ஒரு கேள்வி கேட்டார். பதில் சொன்னேன். கேள்வியும் பதிலும் இந்தப் பதிவுக்குத் தேவையில்லை. புயலில் டேப்புகள் எல்லாம் கெட்டிருக்கலாம் என்பது இப்போதைய முடிவு. ஈய அலமாரியின் கதவு சரியாகச் சாத்தாமல் இருந்திருக்கலாம். இருந்திருக்கலாம்.

நாள் 611, 12:22

பதினேழு. அக்காதான் ஞாபகப்படுத்தினார்.

“ஏல, என் ரூம்ல கட்டிலுக்கு அடியில ஈயப்பெட்டி இருக்கு. அதுக்குள்ள பதினேழாம் நம்பர். உங்க எல்லாரையும் அளந்து முடிச்ச அன்னைக்கு நானே எழுதுனது. எழுதுன கையோட பூட்ட மூடிட்டேன். அதுல ஒருத்தனும் கை வச்சிருக்க முடியாது.”

பூட்டு என்பது டேப் உறையின் ஓரத்தில் நகம் அளவுக்கு ஒரு பிளாஸ்டிக் துண்டு. அதை மூடினால் டிரைவ் அந்த டேப்பை வாசிக்கும், எழுதாது.

அக்காவின் அறை என் கதவிலிருந்து இருபது மீட்டர். தண்டல் இருக்கும் சுக்கான் அறையிலிருந்து அறுபது. கம்பியில் மூவரும் இருந்தோம். நான் வாயைத் திறந்தேன். அதற்குள் தண்டல் பேசிவிட்டார்.

“நீ நகராத. நீ போயிட்டா டேப்ப யாரு ஏத்துவா? நான் எடுத்துட்டு வாரேன். தபீத்தா, காத்த மெதுவா இழு.”

சரி என்றேன்.

நாள் 611, 12:47

கேமராவில் தண்டலைப் பின்தொடர்கிறேன். மனிதர் ஐம்பத்தாறு வயதில் பூனை மாதிரி நடக்கிறார். செருப்பைக் கழற்றிவிட்டார். வளைவில் ஐந்தாம் தூக்கி, ஒற்றைக் கண்ணோடு. அதன் குருட்டுப் பக்கமாக உரசிக்கொண்டு கடந்தார். மூச்சை அடக்கிக்கொண்டிருந்தேன், காற்று அவருக்கு மிச்சமாகட்டும் என்று. மடத்தனம்.

சொல்லிவிடலாம். இன்னும் நாற்பது மீட்டர் இருக்கிறது. கம்பியின் பொத்தானில் விரல் இருக்கிறது.

நாள் 611, 13:04

எடுத்துவிட்டார். பெட்டியைச் சட்டைக்குள் போட்டுக்கொண்டு வருகிறார். ஒருவேளை எனக்குத்தான் ஞாபகப் பிசகாக இருக்கும். ஒருவேளை அன்று எடுத்தது பதினேழாக இருக்காது. பதினாறாக இருக்கலாம்.

நாள் 611, 13:21

என் கதவுக்கு ஆறு மீட்டர் முன்னால் ஒன்றாம் தூக்கி பின்னாலிருந்து வந்தது. வாரிக் கை அவர் இரண்டு கால்களையும் சேர்த்துப் பிடித்தது. முழங்கால்கள் பின்பக்கமாக மடங்கின. அவர் கத்தவில்லை. சட்டைக்குள் கையைவிட்டுப் பெட்டியை எடுத்துத் தரையோடு தரையாக உருட்டிவிட்டார். இங்கே கனம் குறைவு. பெட்டி மிதந்தும் உரசியும் வந்து கதவு ஓட்டையில் முட்டி நின்றது. அலமாரியின் இடுக்கு வழியாகக் கையை நீட்டி எடுத்தேன்.

“வந்துட்டா?”

வந்துட்டு தண்டல் என்றேன்.

“அப்பம் சரி.”

கொத்துக் கை இறங்கியது. முதலில் வயிற்றில். தொடையில். ஒரு கை தனியாகப் பறந்து கூரையில் பட்டு மெதுவாக இறங்கியது. வாரிக் கை அதையும் தவறவிடாமல் பிடித்துக் கூடையில் போட்டது. ஆறு கால்களும் சிவந்துபோய்த் தூக்கி திரும்பி நடந்தது. தரையில் அதன் தடம் வட்ட வட்டமாக அரவை வரைக்கும் போகிறது.

82 கிலோ.

நாள் 611, 13:40

டேப் 17 ஏற்றினேன். பூட்டு மூடியிருக்கிறது.

முதல் கோப்பு வாசிக்கிறது.

நாள் 611, 13:58

அரவையில் கொட்டியபின் வேறு பக்கம் அலைந்த நான்காம் தூக்கி இப்போதுதான் திரும்பி வந்து பேட்டரி அலமாரியைக் கொத்துகிறது. அக்கா இரண்டு முறை கூப்பிட்டார். பழைய டேப், மெதுவாக ஏறிக்கொண்டிருக்கிறது என்றேன். சதவீதம் கேட்டார். நாற்பது என்றேன். அப்புறம் ஐம்பத்தைந்து.

நாள் 611, 14:12

எழுபது என்றேன்

நாள் 611, 14:24

சொல்லிவிட்டேன்.

எப்படிச் சொன்னேன் என்று ஞாபகம் இல்லை. எனக்கு வாய் மட்டுமாவது வேலை செய்யும் என்று இத்தனை நாள் நினைத்திருந்தேன். மறுமுனையில், அக்கா சாய்ந்திருந்த கதவு வழியாக, கொத்தும் சத்தம் மட்டும் கேட்டது. பதினாறு கொத்து எண்ணினேன். பிறகு அக்காவின் குரல்.

“பதினேழுலயுமா?”

பிறந்தநாளுக்கு என்றேன்.

“என்னல எழுதியிருக்க? வாசி.”

வாசித்தேன். அகால ஜனனம், அரைக்கம்பம், துண்டு, சீப்பு எல்லாம். அமைச்சர் என்ற இடத்தில் நிறுத்திக்கொண்டேன்.

“ஒண்ணு இல்லல. அப்பவே மூணு.”

பிறகு வேலை சொல்லிக்கொடுத்தார், தினமும் காலையில் சொல்வதைப் போலவே. அந்த டேப்பை ரீவைண்ட் செய்யாதே. தரவு முடிகிற இடத்துக்குப் போ. அங்கிருந்து எழுது. நடந்ததை விடாமல் எழுது, எழுதி முடித்துப் பூட்டை மூடு, ஈயப்பெட்டிக்குள் வை. வருகிறவர்களுக்கு இது தெரிய வேண்டும்.

“சரி, வைக்கேன். இங்கன சத்தம் சாஸ்தியா இருக்கு” என்று அக்கா பேச்சை முடித்துக்கொண்டார்.

நாள் 611, 14:31

54 கிலோ. ஈரக்களிமண்.

நாள் 611, 14:36

அலமாரி பாதி உடைந்துவிட்டது. வேகமாக எழுதுகிறேன், பிழை பொறுக்கவும்.

12:05 பதிவில் மறைத்த கேள்வி இதுதான். “யாராச்சும் டேப்போட தலையில எழுதுனியளா?” டேப்பில் எங்கே எழுதி நிறுத்தினாலும் டிரைவ் அந்த இடத்தில் ‘தரவு முடிந்தது’ என்று குறி போட்டுவிடும், குறிக்கு அப்பால் பழையது எவ்வளவு கிடந்தாலும் எந்த டிரைவும் போகாது என்று அக்கா விளக்கினார். என் பதில்: இல்லைக்கா. அதைச் சொல்லும்போதே எனக்குத் தெரியும்.

தினமும் மாலையில் நிலையம் முழுவதும் ஒழுங்காக டேப்பில் ஏறி முடியும். நான்கு மணி நேர வேலை, இயந்திரமே செய்துவிடும். அதற்கப்புறம் நான் டேப்பை ரீவைண்ட் செய்து, தலையில் என் அறிவிப்பை எழுதுவேன். மற்றதெல்லாம் அறிவிப்புக்குப் பின்னால் நகர்ந்து உட்கார்ந்துகொள்ளும் என்று நினைத்தேன், பஸ்ஸில் இடம் விடுகிற மாதிரி. காலையில் அண்ணன் தலையை மட்டும் பார்ப்பார், சிரிப்பார், நலம் என்று குத்துவார். முப்பத்தேழு டேப்பிலும் முப்பத்தேழு சிரிப்பு இருக்கிறது. வேறு ஒன்றும் இல்லை.

பதினேழு எழுத மறுத்தது. நாள் 518, அக்கா குளிக்கப் போன நேரத்தில் பெட்டியிலிருந்து எடுத்து டிரைவில் போட்டேன். எழுத அனுமதி இல்லை என்றது. எனக்கா அனுமதி இல்லை என்று வெளியே எடுத்து, நகத்தால் பூட்டைத் தள்ளி, எழுதி, பழையபடி மூடி வைத்துவிட்டேன். எடுத்துப் பார்த்து அக்கா சிரிப்பார் என்று தொண்ணூற்று மூன்று நாள் காத்திருந்தேன். அவர் எடுக்கவே இல்லை. அவ்வளவு நம்பிக்கை அந்தப் பூட்டின் மேல்.

தண்டல் கிளம்பியபோது சொல்லியிருக்கலாம். அறுபது மீட்டர் நடந்தார், ஒவ்வொரு மீட்டரிலும் சொல்லியிருக்கலாம். ஏன் சொல்லவில்லை என்றால், வெட்கமாக இருந்தது. அவ்வளவுதான் காரணம். பெரிய காரணமாக ஏதாவது தேடிப் பார்த்தேன், கிடைக்கவில்லை.

07:45 பதிவில், டேப் வேலை என்னைவிடத் தெரிந்தவர் இந்த நிலையத்தில் இல்லை என்று எழுதியிருந்தேன். எழுதியபோது பொய். இப்போது உண்மை, நிலையத்தில் வேறு யாரும் இல்லை. தயவுசெய்து அந்த வரியை அடித்துவிடவும். அமைச்சர் என்பதையும். எனக்குத் தெரிந்தது தலையில் எழுதுவது ஒன்றுதான். ஒரு கோப்புக்குப் பின்னால் இன்னொரு கோப்பை ஒழுங்காக வைக்க இன்றைக்குத்தான் கற்றுக்கொண்டேன். அக்கா சொன்னபடியே தரவு முடிந்த இடத்திலிருந்து எழுதப்போகிறேன். அதனால்தான் நீங்கள் முதலில் அந்த நரைமுடியைப் படித்தீர்கள். அதை அழிக்க எனக்கு வழி இருந்தது. தலையிலிருந்து எழுதியிருந்தால் போயிருக்கும். இருக்கட்டும் என்று விட்டுவிட்டேன்.

கை உள்ளே வந்துவிட்டது. நுனியில் எதுவோ மாட்டியிருக்கிறது, பார்க்கவில்லை. டேப்பை மட்டும் பார்க்கச் சொல்லியிருக்கிறார் அண்ணன்.

எழுதி முடித்ததும் பூட்டை மூடுவேன். திறப்பது ரொம்பச் சுலபம், நகம் போதும், எனக்குத் தெரியும்.

திறக்காதீர்கள்.